கோஷா ஆஸ்பத்திரி கண்ட மேரி ஷார்லீப் அம்மையார்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

சென்னை சேப்பாக்கத்தில், கிரிக்கெட் மைதானத்துக்கு அருகில், கஸ்தூரிபா காந்தி அரசு மருத்துவமனை இருக்கிறது. பிரசவத்துக்கும் பெண்கள் நோய்களுக்கும் பேர்போன இடம். ஆனால் திருவல்லிக்கேணிப் பக்கத்துப் பெரியவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால், "கோஷா ஆஸ்பத்திரிதானே?" என்று திருப்பிக் கேட்பார்கள். பெண்கள் அயல் ஆடவர் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் வாழும் வழக்கத்துக்குத்தான் கோஷா என்று பெயர். நோயைக் காட்டுவதற்கென்று ஏற்பட்ட ஓர் இடத்துக்கு, மறைத்துக் கொள்வதைக் குறிக்கும் பெயர் எப்படி வந்தது? இக்கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டால், அது நம்மை 1866ஆம் ஆண்டில் கணவருடன் சென்னையில் வந்து இறங்கிய ஓர் இளம் ஆங்கிலப் பெண்ணிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. பின்னாளில் டாக்டர் மேரி ஷார்லீப் என்று இரு நாடுகளிலும் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் அவரே.

மேரி பேர்ட் 1845 ஜூன் 18ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவரைப் பெற்ற தாய் சில நாட்களுக்குள் இறந்துவிட்டார். பாட்டன் பாட்டி வீட்டில், கண்டிப்பான சமய ஒழுக்கத்தில் வளர்ந்தார். நல்ல பள்ளிப் படிப்புக் கிடைத்தது. அதற்கு மேல் படிக்க அந்நாளில் அந்நாட்டிலும் பெண்ணுக்கு வழியில்லை. 1865இல் வில்லியம் ஷார்லீப் என்ற வழக்கறிஞரை மணந்து, மறு ஆண்டு அவரோடு சென்னைக்கு வந்தார். கணவர் வழக்காடவும் சட்ட இதழ்களை நடத்தவும் செய்தார். மனைவி அவ்விதழ்ப் பணியில் துணை நின்றார். மூன்று குழந்தைகளை வளர்த்தார். இவ்வளவோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி நாம் எழுத ஒன்றும் இருந்திராது.

ஆனால் சென்னையில் அவர் காதில் ஒரு செய்தி மீண்டும் மீண்டும் விழுந்தது. உயர்சாதி இந்துக் குடும்பங்களிலும் இசுலாமியக் குடும்பங்களிலும் பிரசவத்தில் சிக்கல் நேர்ந்தால், பெண்கள் மருத்துவ உதவியின்றியே இறந்து போகிறார்கள். நகரில் மருத்துவர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, ஆஸ்பத்திரியும் இருக்கிறது. மருத்துவர் ஆணாக இருப்பதால் அவர் வீட்டுக்குள் வர முடியாது. பெண்ணும் வெளியே போக மாட்டாள். கதவுக்கு வெளியே வைத்தியமும் கதவுக்கு உள்ளே சாவுமாக இருந்த நிலை அது. நம் பக்கத்துத் திண்டிவனத்திலேயே 1890களில்கூட இதுதான் கதை. ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் தங்கள் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி தேடி வந்து, ஆண் மருத்துவர் வேண்டாமென்று திரும்பிப் போனதையும், அம்மூன்று பெண்களும் இறந்ததையும் கண்ட பிறகே ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் மருத்துவம் படிக்க முடிவு செய்தார் என்பதும், வேலூர் மருத்துவமனை அதிலிருந்து முளைத்தது என்பதும் நம்மில் பலர் அறிந்ததே. மேரி ஷார்லீப் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அதே முடிவுக்கு வந்தவர்.

பிள்ளைப்பேறும் சாவும்

அக்காலத்துப் பெண்கள் ஏன் அவ்வளவு எளிதாக இறந்தார்கள் என்பதைச் சற்று விளக்குவது நலம். விலங்கியல் மாணவி என்ற முறையில் இதில் எனக்கு ஆர்வம் அதிகம், வாசகர்கள் பொறுத்தருள்க.

முதலாவது, பிரசவ ஜன்னி. பிள்ளை நலமாகப் பிறந்து, தாயும் எழுந்து உட்கார்ந்து, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கடுங்காய்ச்சல் கண்டு இறந்துபோவாள். கருப்பையின் உட்சுவர் பிரசவத்துக்குப் பின் ஒரு பெரிய திறந்த புண்ணாக இருக்கிறது. அதில் கிருமி ஏறினால் இரத்தத்தில் கலந்துவிடும். 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், இக்காய்ச்சலைக் கொண்டு வருவது மருத்துவர்களின் கைகளே என்று கண்டார். பிணத்தை அறுத்துவிட்டு அப்படியே பிரசவ அறைக்கு வந்துகொண்டிருந்த மாணவர்களைச் சுண்ணாம்புக் குளோரைடு கலந்த நீரில் கை கழுவச் செய்தார். அந்த ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது. ஆயினும் பெரிய பேராசிரியர்கள் நம்பவில்லை. 1867இல் லிஸ்டர் கார்பாலிக் அமில முறையை வெளியிட்ட பிறகும், 1879இல் பாஸ்டர் அக்கிருமியையே நுண்ணோக்கியில் காட்டிய பிறகும்தான் உலகம் மெள்ள வழிக்கு வந்தது.

இதிலிருந்து ஒன்று விளங்கும். நம் ஊர் மருத்துவச்சிகளின் அழுக்குக் கையைப் பற்றி அக்கால வெள்ளையர் பலர் ஏளனமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவின் தலைசிறந்த ஆஸ்பத்திரிகளில் படித்த கைகள் அதைவிடக் கொடியனவாக இருந்தன என்பதையும் சேர்த்து எழுதியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும். என் பாட்டி பிள்ளையார்பாளையத்தில் தறி வீட்டிலேயே ஏழு பிள்ளைகளைப் பெற்றவர். தங்கியவை நான்கு. எல்லாம் ஒரே மருத்துவச்சியின் கையில்தான். அந்த அம்மாளைப் பற்றி என் பாட்டி கடைசிவரை மரியாதையாகத்தான் பேசினார். இயல்பான பிரசவத்தை அவர்கள் நன்றாகவே பார்த்தார்கள். இயல்பு தவறியபோது அவர்களிடம் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அந்த 'இயல்பு தவறுதல்'தான் இரண்டாவது. பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, தாயின் இடுப்பெலும்புக் கூடு குறுகியிருந்தாலோ, வலி நாட்கணக்கில் நீடிக்கும். பிள்ளையின் தலை அழுத்தி அழுத்திச் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புப் பாதைக்கும் இடையிலுள்ள சதை அழுகி ஓட்டை விழுந்துவிடும். தாய் பிழைத்தாலும் சிறுநீர் ஓயாமல் ஒழுகும். கணவனும் உற்றாரும் ஒதுக்கி வைத்துவிடுவார்கள். அமெரிக்காவில் மேரியன் சிம்ஸ் என்பவர் இந்த ஓட்டையைத் தைத்து மூடும் முறையை 1849இல் கண்டுபிடித்தார். அதற்காக அனார்ச்சா, லூசி, பெட்சி முதலிய நீக்ரோ அடிமைப் பெண்களின் உடலில், மயக்க மருந்து இன்றி, ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அறுத்துப் பழகினார் என்பது மருத்துவ வரலாற்றின் கறை. மூன்றாவது, சூலகக் கட்டி. 1809இல் அமெரிக்காவின் கெண்டக்கி நாட்டுப்புறத்தில் மெக்டவல் என்பவர் ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து இருபத்திரண்டு பவுண்டுக்கு மேல் எடையுள்ள கட்டியை எடுத்துப் பிழைக்க வைத்தார். அன்றுதான் அடிவயிற்றைத் திறக்கலாம் என்ற துணிவே பிறந்தது.

இங்கே நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சிம்ஸ் பலமுறை தோற்ற பின் வெற்றி பெற்றது வெள்ளிக் கம்பியால் தைத்தபோதுதான். வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கும் அறுவையில், கருப்பைச் சுவரைத் தைக்காமலே விட்டுவிடுவது நெடுங்கால வழக்கம். உள்ளே போட்ட தையலைப் பின்னர் எப்படிப் பிரிப்பது என்ற அச்சந்தான் காரணம். அதனால் பெரும்பாலான தாய்மார் இரத்தப் பெருக்கிலும் ஜன்னியிலும் இறந்தார்கள். 1882இல் ஜெர்மனியில் மாக்ஸ் சேங்கர் என்ற மருத்துவர், கருப்பையை அடுக்கடுக்காகத் தைத்து மூடியே தீரவேண்டும் என்று எழுதினார். அவர் பயன்படுத்தியவை வெள்ளிக் கம்பியும் மெல்லிய பட்டு நூலும். பட்டும் வெள்ளியும் சேர்ந்தால் நமக்கு ஜரிகைதான் நினைவுக்கு வரும். பட்டிலுள்ள பசையைக் கொதிநீரில் போக்கி மென்மையாக்கிய பிறகே நாம் சாயம் போட்டுத் தறிக்குக் கொண்டு போகிறோம். அறுவைத் தையலுக்கு வரும் பட்டு நூலும் பசை போக்கியதுதான். என் தந்தையார் தறியில் அறுந்த பாவு இழையை இரண்டு விரலால் முறுக்கி இணைப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அறுவை மருத்துவத்தில் பாதி நெசவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

கதவு திறந்த ஆண்டு

மேரி ஷார்லீப் முதலில் மருத்துவராக நினைக்கவில்லை. 1844இல் தொடங்கப்பெற்ற சென்னை அரசு பிரசவ ஆஸ்பத்திரியில் (இன்றைய எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனையின் முன்னோடி அது) பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டார். கற்ற பின்தான் மருத்துவச்சியின் எல்லை எவ்வளவு குறுகியது என்பது அவருக்குப் புரிந்தது. சிக்கலான கட்டத்தில் ஆண் மருத்துவரைத்தான் அழைக்க வேண்டும். அவரை அழைக்க முடியாத வீடுகளுக்காகத்தானே இவர் கற்க வந்தது! ஆகவே முழு மருத்துவப் படிப்பே வேண்டும் என்று கேட்டார்.

அவருடைய நற்பேறு, அப்போது சென்னை மாகாணத்தின் சர்ஜன் ஜெனரலாக எட்வர்ட் பால்ஃபர் இருந்தார். இவரைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதலாம். எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் இவர் முயற்சியால் தோன்றியது. சென்னையின் மிருகக்காட்சிசாலையும் அவ்வாறே. பிரசவ மருத்துவம் பற்றிய ஓர் ஆங்கில நூலை இவரே இந்துஸ்தானியில் பெயர்த்ததோடு, தம் சொந்தச் செலவில் தமிழ், தெலுங்கு, கன்னட மொழிபெயர்ப்புகளையும் அச்சிட்டு வெளியிட்டார். மக்கள் மொழியில் சொன்னால்தான் மருத்துவம் மக்களிடம் சேரும் என்று அன்றே நினைத்த அதிகாரி! பெண்களை மருத்துவக் கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரைத்து, அதை நிறைவேற்றியும் வைத்தார்.

1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நான்கு பெண்கள் சேர்ந்தார்கள். மேரி ஷார்லீப்பும், பீல், மிட்செல், ஒயிட் என்ற மூவரும். மற்றவர்கள் இளம்பெண்கள், ஷார்லீப்புக்கு முப்பது வயது, மூன்று குழந்தைகள்.

இந்த 1875 என்ற ஆண்டை நாம் பெருமையோடு அடிக்கோடிட வேண்டும். ஸ்காத்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1869இல் சேர்ந்த பெண்களுக்கு எதிராக 1870இல் மாணவர்கள் கலகமே செய்தனர். 1873இல் அவர்களுக்குப் பட்டம் கிடையாது என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. இலண்டனில் 1874இல் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளி தோன்றியது. ஆனால் நோயாளிகளைப் பார்த்துப் பயில 1877 வரை அதற்கு ஆஸ்பத்திரி அகப்படவில்லை. இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர இசைந்தது 1878இல். கல்கத்தா மருத்துவக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்க்க மறுத்தது. அதனால்தான் 1882இல் வங்காளத்திலிருந்து அபலா தாஸ் என்ற மாணவி (பின்னாளில் விஞ்ஞானி ஜெகதீச சந்திர போஸின் மனைவி) சென்னைக்கு வந்து படிக்க நேர்ந்தது. இத்தனைக்கும் முன்னே சென்னையில் கதவு திறந்துவிட்டது.

திறந்த கதவு வேறு, வரவேற்பு வேறு. பேராசிரியர் ஒருவர், இப்பெண்கள் வார்டுகளைச் சுற்றி வருவதைத் தம்மால் தடுக்க இயலாது, ஆனால் தாம் கற்பிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். ஆசிரியர் பாடம் சொல்ல மறுக்கும் வகுப்பில் மூன்றாண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கடினம்! குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறுகிறவர்களுக்கு அதில் ஒரு பங்காவது புரியும். நல்ல வேளையாக எல்லாரும் அப்படி இல்லை. 1878இல் மேரி ஷார்லீப் தேர்வுகளில் வென்று மருத்துவம், அறுவை, பிரசவ மருத்துவம் ஆகியவற்றுக்கான உரிமச் சான்று பெற்றார்.

இலண்டனும் வியன்னாவும்

அச்சான்றோடு சென்னையிலேயே தொழில் செய்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யாமல் குழந்தைகளோடு இலண்டனுக்குக் கப்பலேறினார். ஆண் மருத்துவருக்குச் சற்றும் குறையாத பட்டம் இருந்தாலன்றித் தம் சொல் எடுபடாது என்று அவர் கருதியிருக்க வேண்டும். இங்கிலாந்தில் முதன்முதலாக மருத்துவப் பதிவு பெற்ற பெண்களுள் ஒருவரான எலிசபெத் காரெட் ஆண்டர்சன் அம்மையார் அவருக்குக் கைகொடுத்தார். பெண்கள் மருத்துவப் பள்ளியில் படித்து, ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் பயின்று, 1882 நவம்பரில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.பி., பி.எஸ். பட்டங்களைப் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வென்ற முதல் இரு பெண்களுள் அவர் ஒருவர். பிரசவ மருத்துவத்தில் தங்கப் பதக்கமும் உதவித்தொகையும் அவருக்கே. அதாவது, ஆண்களையும் சேர்த்து அத்தேர்வில் முதலிடம்.

பிறகு வியன்னா. அறுவை முறையிலான பிரசவ மருத்துவத்துக்கு அன்று ஐரோப்பாவில் அதுவே தலைநகர். செம்மல்வைஸை நம்ப மறுத்த ஊர், முப்பத்தைந்து ஆண்டுகளில் அவர் சொன்ன பாடத்தைப் படித்து முடித்திருந்தது. அங்கே பயிற்சி பெற்று 1883இல் இந்தியா திரும்பும் முன் விக்டோரியா அரசியைக் கண்டு, இங்குள்ள பெண்களின் நிலையை எடுத்துரைத்தார். இந்தியாவில் பெண் மருத்துவர்கள் தேவையில்லை என்று தமக்கு எப்படிச் சொல்லி வந்தார்கள் என அரசி வியந்தாராம். 1885இல் இந்தியப் பெண்களின் மருத்துவ உதவிக்கெனத் தோன்றிய டஃபரின் சீமாட்டி நிதிக்கு இத்தகைய சந்திப்புகளும் காரணம்.

திரைக்குள் ஓர் ஆஸ்பத்திரி

சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப், தம்மைப் பயிற்றுவித்த மருத்துவக் கல்லூரியிலேயே பிரசவ மருத்துவத்துக்கும் பெண்கள் நோய்களுக்கும் விரிவுரையாளரானார். ஒரு பக்கம் பாடம். இன்னொரு பக்கம் வீடு வீடாகப் போய் வைத்தியம். ஆனால் வீட்டுக்குள் போய்ச் செய்யக்கூடிய வைத்தியத்துக்கு ஓர் அளவுண்டு. இருட்டறையில், எண்ணெய் விளக்கில், கொதிக்க வைத்த நீர் கேட்டால் பத்துப் பேர் ஓடுகிற வீட்டில், வயிற்றைத் திறக்க முடியுமா? வெளிச்சம், மேசை, மயக்க மருந்து கொடுக்க ஒருவர், கருவிகளைக் கழுவ ஒருவர், பத்து நாள் கண்காணிக்கத் தாதியர், இவையெல்லாம் ஓரிடத்தில் வேண்டும். மருத்துவர் வீட்டுக்குப் போவது போதாது. பெண் வீட்டை விட்டு வெளியே வர வேண்டும். வருவதற்கு அவள் அஞ்சாத ஓர் இடம் வேண்டும். மேரி ஷார்லீப்பின் உண்மையான சாதனை இந்த இடத்தை உண்டாக்கியதே என்பது என் கருத்து. அவரைப் போன்றே கைத்திறன் வாய்ந்த ஆண் மருத்துவர்கள் சென்னையில் அன்றும் இருந்திருப்பார்கள். அவர்கள் திறமை அப்பெண்களுக்கு ஒரு காசுக்கும் பயன்படவில்லை.

அப்போதைய கவர்னர் கிராண்ட் டஃபின் துணைவியார் ஆதரவளித்தார். 1885இல் நுங்கம்பாக்கத்தில், மூர்ஸ் கார்டன்ஸ் என்ற இடத்தில் மருத்துவமனை தொடங்கியது. 'சாதி இந்து, கோஷா பெண்களுக்கான விக்டோரியா ஆஸ்பத்திரி' என்பது பெயரின் பொருள். உள்ளே பெண்களே மருத்துவர், பெண்களே தாதியர். வருகிறவளின் சாதி ஒழுக்கத்துக்கும் திரை வழக்கத்துக்கும் ஊறு நேராதபடி எல்லாம் நடக்கும் என்ற உறுதியின் பேரில்தான் குடும்பத்தார் பெண்களை அனுப்பினார்கள். பின்னர் அரசு சேப்பாக்கத்தில் நிலம் அளித்தது. வெங்கடகிரி அரசர் கட்டடத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் கொடுத்தார். 1890இல் ஆஸ்பத்திரி இன்றுள்ள இடத்துக்கு வந்தது.

இந்தப் பெயரை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மருந்துக்கும் சாதியா? பெயர்ப் பலகையிலேயே சாதியை எழுதிவைத்த இடத்தில், ஒடுக்கப்பட்ட பெண்ணுக்கு என்ன மரியாதை? அவள் பொது ஆஸ்பத்திரிக்குப் போவாள், அங்கே போக அவளுக்குத் தடையில்லை என்பது பதிலாகச் சொல்லப்படலாம். அது உண்மையுங்கூட. ஆயினும் சாதியும் திரையும் சேர்ந்துதான் அப்பெண்களைக் கொன்றுகொண்டிருந்தன; அவற்றையே பெயராகச் சூட்டியது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வழக்கத்தை மாற்றிவிட்டு வாருங்கள், பிறகு வைத்தியம் பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தால் யார் வந்திருப்பார்கள்? வயிற்றில் கட்டியோடு இருப்பவளுக்குச் சீர்திருத்தம் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. ஒருமுறை வாசலைத் தாண்டி வந்துவிட்டவள், மறுமுறை அவ்வளவு தயங்க மாட்டாள். அவள் மகள் இன்னும் குறைவாகத் தயங்குவாள். எங்கள் வீட்டிலேயே பாட்டி தறி வீட்டில் பெற்றார். என் தாயார் அரசு ஆஸ்பத்திரியில் பெற்றார். அக்கா கருவுற்ற மூன்றாம் மாதமே சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொண்டாள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மருத்துவமனைகளில் நடக்கின்றன. ஷார்லீப் அம்மையார் செய்தது சரியா தவறா என்று எங்கள் விடுதியில் ஒரு மாலை முழுவதும் வாதாடினோம். முடிவு எட்டவில்லை. நான் இப்போது அவர் பக்கம் சற்றே சாய்ந்திருக்கிறேன். கோபம் மட்டும் முழுதும் போகவில்லை. 1921இல் அரசு இம்மருத்துவமனையை ஏற்றுக்கொண்டது. 1948இல் கஸ்தூரிபா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது.

பிற்கால வாழ்வு

ஓயாத உழைப்பும் சென்னை வெயிலும் சேர்ந்து அம்மையாரின் உடலைக் கெடுத்தன. 1887இல் அவர் இங்கிலாந்து திரும்ப வேண்டியதாயிற்று. 1888இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் எம்.டி. பட்டம் பெற்ற முதல் பெண்ணானார். 1891இல் கணவர் காலமானார். காரெட் ஆண்டர்சன் நடத்திய பெண்களுக்கான புதிய ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவராகச் சேர்ந்து, அவருக்குப் பின் தலைமை ஏற்றார். 1897இல் அறுவை மருத்துவத்தில் எம்.எஸ். பட்டமும் பெற்றார், அப்போது வயது ஐம்பத்திரண்டு! 1902இல் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரியில் பெண்கள் நோய் மருத்துவராக அமர்ந்தார்.

அடிவயிற்று அறுவையில் அவர் பெயர் பெற்றவர். சூலகக் கட்டியையும் கருப்பைக் கட்டியையும் பதற்றமின்றி, நிதானமாக எடுப்பதைக் காண மற்ற மருத்துவர்கள் வருவார்களாம். பெண் கை அறுவைக்கு ஆகாது, அவள் இரத்தத்தைக் கண்டால் மயங்கிவிடுவாள் என்று சொல்லி வந்த தலைமுறைக்கு அவர் வாயால் விடை சொல்லவில்லை. இந்தியாவிலும் இங்கிலாந்திலும் பெண்கள் தம் உடல்நலம் பேண வேண்டிய முறை பற்றி 1895இல் ஒரு நூல் எழுதினார். 1924இல் தம் நினைவுகளை நூலாக்கினார். பிற்காலத்தில் கருத்தடையை அவர் எதிர்த்து எழுதியதும் பேசியதும் உண்டு. ஏழு பெற்று நான்கு தங்கிய வீட்டிலிருந்து வருகிற என்னால் அதை ஏற்க முடியவில்லை. 1926இல் 'டேம்' என்ற உயர் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. 1930 நவம்பர் 21ஆம் நாள், எண்பத்தைந்தாம் வயதில் மறைந்தார்.

சென்னையில் அவர் நுழைந்த வாசல் வழியாக யார் யார் வந்தார்கள்? அவர் தேறி வெளியேறிய அதே 1878இல் கிருபாபாய் என்ற மராட்டியக் கிறித்துவப் பெண் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலம் கெட்டு ஓராண்டில் நின்றுவிட்டார். பின்னாளில் கிருபாபாய் சத்தியநாதன் என்ற பெயரில் ஆங்கிலத்தில் நாவல் எழுதியவர் அவரே. முன்னே சொன்ன அபலா தாஸும் நோயால் படிப்பை முடிக்க இயலவில்லை. இவர்கள் தோற்றவர்கள் அல்லர். ஆனாலும் நம் நாட்டுப் பெண்ணொருத்தி அங்கே பெரும்புகழோடு படித்து முடிக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. புதுக்கோட்டையில் மன்னர் கல்லூரியில் ஆடவர்க்கு நடுவே ஒரே பெண்ணாகப் படித்துவிட்டு, 1907இல் முத்துலட்சுமி என்ற பெண் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912இல் பதக்கங்களோடு தேறி, சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாக அமர்ந்தார். மேரி ஷார்லீப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்ட மருத்துவமனை அது.